கூட்டாத தரை

2016ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, நியூசிலாந்தின் லின்ஃபீல்டில் பேர்ணடெட் தன் வீட்டுச் சாப்பாட்டறையில் பத்து நிமிடம் கூட்டியும் போகாத மீன்முள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் சாப்பிடப்போகிற மீனுடையது. அந்த மீன் அப்போது மனுக்காவ் கடலில் உயிரோடு நீந்திக்கொண்டிருந்திருக்க வேண்டும். இதெல்லாம் பேர்ணடெட்டுக்குத் தெரியாது. தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு, குனிந்து விரலால் சுரண்டிப் பார்த்தார். முள் கல்லாக இருந்தது. அதன் பக்கத்தில் கிடந்த இறால் தலை, பிழிந்த தேசிக்காய், சப்பித் துப்பிய முருங்கைக்காய்ச் சக்கை எல்லாமே கல்லாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிழல் இருந்தது. யன்னல் எந்தப் பக்கம் இருந்தாலும் நிழல்கள் எல்லாம் கராஜ் பக்கமே விழுந்திருந்தன. அவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு கணவரைக் கூப்பிட்டார்.

கணவர் எட்வேட் டைல்ஸ் பதிக்கிறவர். மன்னாரிலிருந்து வந்து, இருபத்துமூன்று வருடமாகப் பிறர் வீட்டுக் குளியலறைகளில் முழங்காலில் நின்று வீடு வாங்கியவர். ஹில்ஸ்பரோவிலும் ஒனஹங்காவிலும் வேலை முடிந்து மிஞ்சிய டைல்களைக் கொண்டுவந்து, மூன்று விதச் சாம்பல் நிறத்தில் தன் சாப்பாட்டறையைத் தானே பதித்திருந்தார். அவற்றில் ஒன்றுகூட இப்போது இல்லை. அந்த இடத்தில் பயறளவுக் கற்கள் ஆயிரக்கணக்கில் நெருக்கிப் பதிக்கப்பட்டிருந்தன. வெள்ளை நிலத்தில், யாரோ விருந்து முடிந்து எழும்பிப்போன பிறகு ஒருவரும் கூட்டாமல் விட்ட தரையைப்போல. எட்வேட் முதலில் ரசமட்டத்தைக் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார். இம்மியும் பிசகவில்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே அவர் வழக்கமாக வைக்கிற பிளாஸ்டிக் சிலுவைகளை வைக்காமலே இவ்வளவு சீராக எவனால் பதிக்க முடிந்தது என்று நினைத்தபோது, பயத்தைவிட அவருக்கு அவமானமே அதிகமாக இருந்தது. அன்று அவர் வேலைக்குப் போகவில்லை.

அருங்காட்சியகத்திலிருந்து ஓர் அம்மையார் வந்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு, பூதக்கண்ணாடியோடு மூன்று மணி நேரம் நான்கு காலில் தவழ்ந்தார். இது உரோமர் வேலை என்றார். வசதியுள்ள உரோமர்கள் தங்கள் சாப்பாட்டறைகளில் இப்படி எச்சில் சிந்திக் கிடப்பதுபோலக் கல்லில் சித்திரம் செய்துகொள்வார்கள், கூட்டாத தரை என்றே அதற்குப் பெயர், மேசையிலிருந்து கீழே விழுந்தது அந்த வீட்டில் செத்துப்போனவர்களுக்கு உரியது என்று அவர்கள் நம்பியதாகவும் படித்திருக்கிறேன் என்றார். கற்களின் ஓரங்கள் ஆயிரத்தெண்ணூறு வருடம் ஆட்கள் நடந்து தேய்ந்ததைப்போலத் தேய்ந்திருந்தன. அது லின்ஃபீல்டுக்கு எப்படி வந்தது என்று அவர் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. கவுன்சிலிலிருந்து வந்தவர், இது தண்ணீர் புழங்குகிற அறையா என்று கேட்டார். இல்லை என்றதும் அது வீட்டுக்காரர் பாடு என்று எழுதிக்கொண்டு போனார். தமிழ்ப் பூசை வைக்கிற சாமியார் தீர்த்தம் தெளித்தார். ஈரம் பட்டதும் இறால் தலை இன்னும் சிவப்பாகத் தெரிந்தது, அவ்வளவுதான்.

தரை முன்கூட்டியே சொல்கிறது என்பதைக் கண்டுபிடித்தவர் பக்கத்து வீட்டு நரேந்திரன். ஈப்போவிலிருந்து வந்து, நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் அளந்தால் ஒழிய அவருக்கு நித்திரை வராது. எட்வேட் வீட்டில் ஞாயிறு பன்னிரண்டு நாற்பதுக்குச் சாப்பாடு, ஒன்று இருபத்தேழுக்கு முடிவுச் செபம். அது எட்வேட்டின் ஒழுங்கு, பூகம்பம் வந்தாலும் மாறாது. செபம் முடிந்து எல்லோரும் எழும்பியதும், யாரும் பார்க்காத ஒரு கண நேரத்தில், தரையின் எச்சில்கள் மாறிவிடும். நரேந்திரன் எட்டு ஞாயிறு படம் எடுத்து, அடுத்தடுத்த ஞாயிறு மேசையில் மிஞ்சியதோடு ஒத்துப் பார்த்தார். ஒரு முள் கூடவில்லை, ஒரு தோல் குறையவில்லை. ஒன்பதாம் வாரம் தரையில் கோழி எலும்பு கிடந்தது. பேர்ணடெட் வீம்புக்கென்று அந்த ஞாயிறு நண்டுக் கறி வைத்தார். பன்னிரண்டரைக்கு மாதா கோவில் ஆட்கள் மூன்று பேர் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வாளி பொரித்த கோழியோடு வந்து இறங்கினார்கள். நண்டு குளிர்சாதனப் பெட்டிக்குள் போனது.

“ஒன்பது வாரம் பாத்தாச்சு எட்வேட். இது பொய் சொல்லாது லா” என்றார் நரேந்திரன்.

ஒருவர் எப்படிச் சாப்பிடுகிறார் என்பது கையெழுத்தைப் போன்றது. எட்வேட் ஸ்நாப்பர் மீனின் தலையை உறிஞ்சி, கீழ்த்தாடையைக் கழுவியதுபோல வைத்து, சின்ன எலும்புகளை அதன் பக்கத்தில் ஆணிகளைப்போல வரிசையாக அடுக்குவார். பேர்ணடெட் முருங்கைக்காய்ச் சக்கையைச் சின்னச் சின்ன உருண்டையாக்குவார். இங்கேயே பிறந்த மகள் றோஷினி, கறியில் இருக்கிற பச்சை மிளகாய்களைப் பொறுக்கிக் குட்டையிலிருந்து நெட்டைவரை வரிசையில் வைப்பாள். வீட்டுக்குப் பின்னால் நிற்கிற ஃபீஜோவா மரம் காய்க்கிற மாதங்களில், பழத்தைக் குறுக்கே வெட்டிக் கரண்டியால் தோண்டித் தின்றுவிட்டு, இரண்டு தோலையும் ஒன்றுக்குள் ஒன்று கவிழ்ப்பாள். எட்வேட்டிடம் வேலை செய்துகொண்டு கராஜ் அறையில் வாடகைக்கு இருந்த சுலக்ஷன், நண்டுக் கால்களை உடைத்து விறகுபோல அடுக்குவான். தரையில் இவை எல்லாம் அப்படி அப்படியே இருந்தன. அடுத்த ஞாயிறு யார் மேசையில் இருப்பார்கள் என்பதை அந்த வீட்டில் எவரும் பார்த்தவுடனே சொல்லலாம். ஆரம்பத்தில் அது ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது.

2017 நவம்பரில் ஒரு ஞாயிறு, நண்டு ஓடு தரையில் கிடந்தது. அடுக்கிய கால்கள் இல்லை. சுலக்ஷனே அதைப் பார்த்துச் சிரித்தான். குவீன்ஸ்டவுனில் ஹோட்டல் கட்டுகிறார்கள், கூடச் சம்பளம் என்று சொல்லிக்கொண்டிருந்தவன், புதன்கிழமை பைகளைக் கட்டிக்கொண்டு புறப்பட்டான். வெள்ளிக்கிழமை தென்தீவில் ஒரு மலைப்பாதையில் அவனுடைய வான் உருண்டது. முப்பத்துநான்கு வயது. எட்வேட் போய் உடலைப் பார்த்து, யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிவைத்துவிட்டு வந்தார். வந்த அன்று சாப்பாட்டறை வாசலில் நின்று, “இதுக்கு முன்னமே தெரிஞ்சிருக்கு, பேர்ணா” என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து ஞாயிறு செபம் முடிந்ததும் அந்த வீட்டில் முதல் வேலை, தரையில் ஆட்களை எண்ணுவது. மூன்று பேரும் இருக்கிறார்களா என்று பார்த்த பிறகுதான் பேர்ணடெட் தட்டுகளை எடுப்பார்.

2018 மே மாதம் முதல் ஞாயிறு எண்ணியபோது இரண்டு பேர்தான் இருந்தார்கள். மீன் தாடை இருந்தது, சக்கை உருண்டைகள் இருந்தன. மிளகாய் இல்லை. மரம் நிறைய ஃபீஜோவா பழுத்துக் கிடக்கிற காலத்தில், தரையில் ஒரு தோல்கூட இல்லை. பேர்ணடெட் மேசைக்குக் கீழே குனிந்து தேடினார். கதிரைகளை இழுத்துப் பார்த்தார். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

றோஷினிக்கு அப்போது இருபத்துநான்கு வயது, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. அவள் ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். மெல்போர்னில் வேலை கிடைத்துவிட்டது. வருகிற சனிக்கிழமை பயணம். இன்றைக்குச் சாப்பிட்டு முடிந்ததும் சொல்வதற்காகத்தான் வைத்திருந்தாள். முதலே சொல்லாதது பிழைதான். அடுத்த ஞாயிறு அவள் மெல்போர்னில் இருப்பாள், அதனால்தான் தரையில் இல்லை, வேறு ஒன்றும் இல்லை. நியாயமான பேச்சு. பேர்ணடெட் அதில் ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டார்.

“பிளேனிலயோ?” என்றார்.

எட்வேட் மகளைத் தடுக்கவில்லை. ஊரில் பலர் பின்னாளில் தடுத்தார் என்று கதைத்தார்கள், அது உண்மையல்ல. “உனக்கு விருப்பமோ?” என்று கேட்டார். விருப்பம் என்று அவள் சொன்னதும் தலையாட்டிவிட்டு எழும்பிப்போனார். செவ்வாய்க்கிழமை பேர்ணடெட் வேலைக்குப் போன பிறகு, மகளும் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, சாப்பாட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டார். மிஞ்சிய டைல் துண்டுகளிலிருந்து பச்சை நிறங்களாகப் பார்த்துப் பொறுக்கி, குறடால் பயறளவுக்கு நறுக்கினார். றோஷினியின் கதிரைக்கு நேர் கீழே, உரோமர் கற்களை ஒரு கை அகலத்துக்குக் கொத்தி எடுத்தார். அந்த இடத்தில் குட்டை, நடு, நெட்டை என்று மூன்று மிளகாய். பக்கத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஃபீஜோவா தோல். கராஜ் பக்கம் விழுகிற நிழலையும் மறக்கவில்லை. நீச்சல் குளத்துக்குப் போடுகிற எப்பாக்ஸிப் பசையைப் போட்டார். அது ஒருமுறை பிடித்தால் கல் உடையுமே தவிரப் பசை விடாது. இருபத்தைந்து வருடத்தில் அவர் செய்த மிகச் சிறந்த வேலை அதுதான். எது எந்தக் கை பதித்தது என்று அருங்காட்சியக அம்மையாருக்கே தெரிந்திராது.

சனிக்கிழமை றோஷினி பறந்தாள், பத்திரமாக இறங்கினாள், தொலைபேசியில் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மெல்போர்னில் காலை பத்து நாற்பது. ஒரு கடையில் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். அடுத்த கணம் லின்ஃபீல்டில், தன் கதிரையில், கையில் ஒரு பால் போத்தலோடு உட்கார்ந்திருந்தாள். எட்வேட் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சத்தமாக அழுதார். மகள் உயிரோடு இருக்கிறாள் என்ற சந்தோஷத்தைத் தவிர அந்த அழுகையில் வேறு ஒன்றும் இல்லை. றோஷினி கத்தினாள், எழும்பி ஓடினாள், வாசல் தாண்டியதும் மறுபடியும் கதிரையில் இருந்தாள். கடைசியில் ஒரு பழம் தின்றாள், மூன்று மிளகாய் பொறுக்கி வைத்தாள். ஒன்று இருபத்தேழுக்கு ஆமென் சொன்னதும் கதிரை வெறுமையானது. மெல்போர்னில் அந்த வரிசை அதற்குள் கலைந்துபோயிருந்தது.

அடுத்த ஞாயிறும் வந்தாள். அதற்கடுத்ததும் வந்தாள். தரையின் மற்ற எச்சில்கள் வாராவாரம் மாறின. எட்வேட் பதித்த கற்களைச் சுற்றிக்கொண்டு மாறின. ஃபீஜோவா மரத்துக்கும் வேறு வழி இல்லாமல் போயிற்று. மழைக்காலம், வெயில்காலம் பார்க்காமல் ஞாயிறுதோறும் ஒரு பழம் பழுத்தது. வேகமாகச் சாப்பிட்டு முடித்துப் பார்த்தார்கள், பிந்திச் சாப்பிட்டுப் பார்த்தார்கள். நாற்பத்தேழு நிமிடத்தில் ஒரு நிமிடம் குறையவில்லை. ஒரு ஞாயிறு நரேந்திரன் வேலிக்கு மேலால் எட்வேட்டைக் கூப்பிட்டார். அவருக்கு இந்த விசயம் சரியாகப் படவில்லை.

“பொண்ணு மெல்போர்ன்ல இருக்கறதாலதான் தரையில காணோமோ என்னவோ. அத யோசிச்சியா நீ?”

“யோசிச்சனான் அண்ணை. நீங்கள் சொல்லுறது சரியாயும் இருக்கலாம்” என்றார் எட்வேட். “பிழையாப் போச்செண்டா? பிள்ளை என்ர எல்லோ.”

நரேந்திரன் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அந்தத் தகப்பனுக்கு வாய்த்த பயத்தை நினைத்தால், யாராக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டுதான் போயிருப்பார்கள்.

வீட்டில் ஆங்கிலம் தவிர வேறு பேசாத றோஷினி, தகப்பனிடம் ஒரே ஒருமுறை தமிழில் கேட்டாள். அது ஆகஸ்ட் மாதம், ஞாயிறு ஒன்று இருபது. “அப்பா, அதைக் கழட்டுங்கோ. கெஞ்சிக் கேக்கிறன்.” எட்வேட் தன் கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: “நான் கழட்டினா நீ செத்துப்போவாய் பிள்ளை. என்னாலை ஏலாது.” பேர்ணடெட் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஏழு நிமிடம் இருந்தது. பிறகு ஆமென்.

மனிதர் எதற்கும் பழகிவிடுவார்கள். மெல்போர்ன் ஆஸ்பத்திரியில் றோஷினிக்கு ஞாயிறு வேலை போடுவதில்லை. சமயக் காரணம் என்று எழுதி வைத்திருந்தார்கள். சிங்கப்பூர்த் தமிழன் ஜஸ்வினை அவள் ஒரு சனிக்கிழமையில் கல்யாணம் கட்டினாள். மறுநாள் காலை புது மாப்பிள்ளை ஹோட்டல் அறையில் நாற்பத்தேழு நிமிடம் தனியாக இருந்தான். எல்லைகளை மூடிவைத்திருந்த கொரோனாக் காலத்தில், யாரும் யாரையும் பார்க்க முடியாமல் தவித்தபோது, எட்வேட்டின் மகள் மட்டும் வாராவாரம் வந்துபோனாள். எட்வேட் சட்டத்துக்குப் பயந்தவர், முகக்கவசம் போட்டுக்கொண்டு கதிரையை இரண்டு மீற்றர் தள்ளிப் போட்டுச் சாப்பிட்டார். சிட்னியிலும் லண்டனிலும் பிள்ளைகளை விட்டுவிட்டு இருந்த கோவில் ஆட்களுக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. அவர்களில் சிலர் தங்கள் பிள்ளைகள் எப்படிச் சாப்பிடுவார்கள் என்று துண்டில் எழுதிக்கொண்டு, தங்கள் வீட்டுக்கும் இப்படி ஒன்று பதித்துத் தரச்சொல்லி எட்வேட்டிடம் வந்தார்கள். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் வந்தார்கள். எட்வேட் அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துத் திருப்பி அனுப்பினார்.

2022 நவம்பரில் றோஷினிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அடுத்த ஞாயிறு அவள் குழந்தையை நெஞ்சோடு இறுக்கி அணைத்துக்கொண்டு காத்திருந்தாள். முதல் ஞாயிறு கையிலிருந்த பால் போத்தல் வந்ததுபோலப் பிள்ளையும் வரும் என்று நினைத்தாள். லின்ஃபீல்டில் கதிரையில் வந்து இருந்தபோது கைகள் அணைத்தபடியே இருந்தன, உள்ளே ஒன்றும் இல்லை. பொருள் வரும், உயிர் வராது. குழந்தை மெல்போர்னில் மெத்தைமேல் விழுந்து அழுதுகொண்டிருந்தது. அதன் பிறகு ஞாயிறு பத்தரைக்கெல்லாம் குழந்தையை ஜஸ்வினின் கையில் கொடுத்துவிட்டு, சப்பாத்துப் போட்டுக்கொண்டு கதிரையில் உட்கார்ந்திருப்பாள். பேத்தியைப் படத்தில் மட்டும் பார்த்த எட்வேட், மகளின் சட்டையில் படிந்த பால் கறையை அந்த நாற்பத்தேழு நிமிடமும் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் அப்போது கற்களை எடுக்க நினைத்தாரோ தெரியாது. எடுக்கவில்லை.

2023 ஜூலை நான்காம் திகதி, ஹில்ஸ்பரோவில் ஒரு குளியலறையில் எட்வேட் முழங்காலில் நின்றபடியே செத்துப்போனார். அளவெடுக்கிறார் என்று நினைத்து வீட்டுக்காரர் அரை மணி நேரம் கூப்பிடாமல் இருந்தார். இருதயம் என்று சொன்னார்கள். வெள்ளிக்கிழமை வைக்குமேட்டே மயானத்தில் அடக்கம் செய்தார்கள். றோஷினியும் ஜஸ்வினும் குழந்தையும் முறையாக விமானத்தில் வந்திருந்தார்கள். ஞாயிறு மத்தியானம், யாரோ கொண்டுவந்து வைத்த ஸ்நாப்பர் தலைக் குழம்பு மேசை நடுவில் இருந்தது. ஒருவரும் தொடவில்லை. முடிவுச் செபத்தைப் பேர்ணடெட் சொன்னார். ஆமென் சொல்லித் தலை நிமிர்ந்தபோது, எட்வேட்டின் இடத்தில், வெறும் மேசையில், கழுவியதுபோல ஒரு மீன் தாடை இருந்தது. பக்கத்தில் சின்ன எலும்புகள் வரிசையாக இருந்தன. ஜஸ்வின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின்வளவுக்குப் போய்விட்டான்.

பேர்ணடெட் போகவில்லை. அவர் யோசித்துக்கொண்டிருந்தார். போன ஞாயிறு தரையில் அந்தத் தாடை இருந்தது; அவரே எண்ணினார், மூன்று பேரும் இருந்தார்கள். அப்படியானால் இந்தத் தரை செத்தவர்களைக் கணக்கிலிருந்து எடுப்பதில்லை. வீட்டை விட்டுப் போகிறவர்களைத்தான் எடுக்கிறது. சுலக்ஷன் வெள்ளிக்கிழமை செத்ததால் எடுபடவில்லை, புதன்கிழமை பையோடு போனதால் எடுபட்டான். றோஷினியும் அப்படித்தான். ஐந்து வருடத்துக்கு முந்தி அவள் சொன்னதே சரி. கற்களை எடுத்தால் அவளுக்கு ஒன்றும் ஆகாது. பேர்ணடெட்டுக்கு இது அந்த மத்தியானமே, அந்த மேசையிலேயே விளங்கிவிட்டது. அவர் யாரிடமும் சொல்லவில்லை.

பதினொரு ஞாயிறு சொல்லவில்லை. அவரை நல்லவர் என்று சொல்லிப் பழகிய வாய்க்கு இதைச் சொல்வது கஷ்டம். எதிரே ஒரு வெறும் தட்டில் எலும்பு தானாக வெளுத்து அடுக்கப்படுகிற மேசையில் தனியாக இருந்து சாப்பிட அவருக்குப் பயமாக இருந்தது. அதைவிடப் பெரிய காரணம், மகளின் முகத்தைப் பார்க்க ஆசையாக இருந்தது. இன்னும் ஒரு கிழமை, இன்னும் ஒரு கிழமை என்று தள்ளிப்போட்டார். றோஷினி வருவாள், பழத்தைத் தின்பாள், அம்மாவின் கையைப் பிடித்துக்கொள்வாள், போவாள். தகப்பன் செத்தபிறகு அவள் முன்னைப்போலக் கோபப்படவில்லை. பேர்ணடெட்டுக்கு அது போதுமாக இருந்தது.

செப்ரெம்பர் இருபத்துநான்காம் திகதி ஞாயிறு, நியூசிலாந்தில் மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிற நாள். மெல்போர்னில் அதற்கு அடுத்த கிழமைதான் தள்ளுவார்கள். நடுவில் வருகிற அந்த ஒரு ஞாயிறு மட்டும், லின்ஃபீல்டின் பன்னிரண்டு நாற்பது மெல்போர்னின் ஒன்பது நாற்பது. ஒவ்வொரு வருடமும் றோஷினி கலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு வைப்பாள். அந்த வருடம் குழந்தைக்குப் பல் முளைத்துக்கொண்டிருந்தது, நான்கு நாளாக அவள் கண் மூடவில்லை. வட்டம் போட மறந்துவிட்டாள். ஜஸ்வின் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கக் கடைக்குப் போயிருந்தான்.

அவள் கதிரையில் வந்து இருந்தபோது முழங்கை வரைக்கும் சவர்க்கார நுரை இருந்தது. ஒரு கையில் பிளாஸ்டிக் கோப்பை.

“அம்மா, பிள்ளை தண்ணிக்குள்ள” என்றாள் தமிழில்.

பேர்ணடெட் தொலைபேசியை எடுத்து ஜஸ்வினுக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடியும் அடித்தார். பிறகு தொலைபேசியை மகளின் ஈரக் கையில் திணித்துவிட்டுக் கராஜுக்குப் போனார். எட்வேட்டின் சாமான்கள் அவர் வைத்த இடத்திலேயே இருந்தன. சுத்தியலையும் உளியையும் எடுத்துக்கொண்டு வந்து, மேசையைத் தள்ளி, மகளின் காலடியில் முழங்காலில் நின்றார். வாழ்க்கையில் அவர் உளி பிடித்ததில்லை. முதல் அடி வழுக்கி அவருடைய பெருவிரலைக் கிழித்தது. எப்பாக்ஸி விடவில்லை, கல் தான் கொஞ்சம் கொஞ்சமாக உடைந்தது. முதலில் ஒரு தோல் போனது, பிறகு மற்றத் தோல்.

“எடுக்கிறான் இல்லை அம்மா, எடுக்கிறான் இல்லை” என்று றோஷினி கத்திக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் அம்மா என்ன செய்கிறார் என்று பார்த்தாள். “அம்மா! அப்பா சொன்னவர் எல்லோ, எடுத்தா நான்...”

“அப்பா சொன்னது பிழை.” குட்டை மிளகாய் உடைந்தது. “எனக்குத் தெரியும்.” நடு மிளகாய் உடைந்தது. “எனக்கு ஜூலையிலயே தெரியும் பிள்ளை.”

றோஷினி கத்துவதை நிறுத்தினாள். குனிந்து தாயின் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையைப் பேர்ணடெட் நிமிர்ந்து ஏற்றுக்கொண்டார், கீழே குனிந்து இன்னும் மூன்று அடி அடித்தார். நெட்டை மிளகாய் இரண்டாகப் பிளந்தது. தொலைபேசி வெறும் கதிரையில் விழுந்து, தரைக்கு உருண்டது. அப்போது நேரம் பன்னிரண்டு நாற்பத்தொன்பது.

ஒன்பது நிமிடம். பத்து மாதக் குழந்தை, ஒரு சாண் தண்ணீர். பேர்ணடெட் கைவிரலில் இரத்தம் ஒழுக, கல் தூளில் உட்கார்ந்து, தெரிந்த செபம் எல்லாவற்றையும் சொன்னார். ஒன்று பத்துக்குத் தொலைபேசி அடித்தது. ஜஸ்வின்.

“குழந்தைக்கு ஒண்ணும் இல்லம்மா. உக்கார வைக்கிற சீட்டுலதான் இருந்துச்சாம். தண்ணி ஆறிப்போயி நடுங்கிட்டு இருந்துச்சு, அவ்ளோதான். நான் வர்றதுக்குள்ள றோஷினி தூக்கிட்டா.”

“றோஷினியிட்டக் குடுங்கோ தம்பி.”

“இப்ப வேணாம்மா. பேசமாட்டேங்கிறா.”

அடுத்த ஞாயிறு மரத்தில் பழம் இல்லை. பன்னிரண்டு நாற்பதுக்கு பேர்ணடெட் எதிர்க் கதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது வெறுமையாகவே இருந்தது. அவர் கொத்திய இடத்தை நரேந்திரன் வந்து சாதாரணச் சீமெந்தால் மூடிக் கொடுத்தார். தரை அந்தச் சீமெந்தை விலத்திக்கொண்டு வாராவாரம் மாறியது: ஒரு தாடை, ஒரு வரிசை எலும்பு, சில சக்கை உருண்டைகள். அக்டோபர் போனது, நவம்பர் போனது. பேர்ணடெட் மெல்போர்னுக்கு அடித்தால் ஜஸ்வின் எடுப்பான், பிள்ளை நிற்கப் பழகிவிட்டது என்பான், றோஷினி குளிக்கிறாள் என்பான். பேர்ணடெட் ஒவ்வொரு முறையும் சரி என்று வைத்துவிடுவார். கணவரின் தட்டு அவருக்குப் பழகிப்போயிற்று. மீன் தலையை அவர் பக்கம் நகர்த்திவைத்து, அந்தக் கிழமை நடந்ததைச் சொல்லிக்கொண்டே சாப்பிட்டார்.

டிசம்பர் பத்தாம் திகதி ஞாயிறு, செபம் முடிந்து எழும்பியபோது, தரையில் அவர் முன்பு ஒருநாளும் காணாத ஒன்று கிடந்தது. ஒரு பிஸ்கட், பாதி. கடித்த ஓரத்தில் நான்கு சின்னப் பற்களின் அடையாளம், மேலே இரண்டு, கீழே இரண்டு. பதித்தவன் பற்களுக்கு நடுவே இருந்த இடைவெளியைக்கூட விடவில்லை. அதற்கும் ஒரு நிழல் கராஜ் பக்கம் விழுந்திருந்தது. சீமெந்துக்குப் பக்கத்தில் பச்சை மிளகாய் வரிசை திரும்பி வந்திருந்தது.

பேர்ணடெட் யாருக்கும் தொலைபேசி எடுக்கவில்லை. எந்த விமானம் என்று கேட்கவும் இல்லை. அறையைத் துடைத்து, கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டார். சனிக்கிழமை காலை நரேந்திரனின் காரில் விமான நிலையத்துக்குப் போய், வெளியே வருகிற வாசலில் நின்றார். மெல்போர்னிலிருந்து வந்த முதலாவது விமானத்தில் இல்லை. இரண்டாவதில் இல்லை. மூன்றாவதில் வந்தார்கள். தாய் நிற்பதைப் பார்த்து றோஷினி ஆச்சரியப்படவில்லை. குழந்தையைத் தாயின் கையில் கொடுத்துவிட்டு, வண்டிலைத் தள்ளிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

மறுநாள் பன்னிரண்டு நாற்பதுக்குச் சாப்பிட உட்கார்ந்தார்கள். எட்வேட்டின் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார ஜஸ்வினுக்கு மனம் வரவில்லை, பேர்ணடெட் இடம் மாறிக்கொண்டார். றோஷினி மிளகாய்களைப் பொறுக்கி வரிசையில் வைத்தாள், சோற்றை இரண்டாம் முறை போட்டுக்கொண்டாள். குழந்தை பிஸ்கட்டைக் கடித்துவிட்டுக் கீழே எறிந்தது. எட்வேட்டின் எலும்புகள் ஒவ்வொன்றாக வரிசைக்கு வந்தன. ஒன்று இருபத்தேழுக்கு பேர்ணடெட் ஆமென் சொன்னார். சொல்லிவிட்டுக் கண்ணைத் திறக்கப் பயந்து கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு திறந்தார். றோஷினி இருந்தாள். இரண்டு மணிக்கும் இருந்தாள்.